நடுச் சாப்பாட்டில் எழுந்தவன்

லோஃப்ட்ஹூஸ், ஹர்டாங்கர்
3 பிப்ரவரி 2008

ஹோவர்த்,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் இரண்டு பேரும் கத்துகிறோம், அதனால் கடிதம்.

மே மாதம் 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கூரோவுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல், சபைக்கு முன்னால் தானே விசுவாசத்தை ஏற்கும் நாள். என் மகளுக்குப் பதினைந்து வயது ஆகப்போகிறது, நீ அவளைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. உன்னை அழைக்கச் சொன்னது அவள்தான். "மாமா வரலன்னா எனக்கு விருந்தே வேணாம்" என்கிறாள். நீ அவளுக்கு என்ன செய்துவிட்டாய் என்று இந்த ஒட்டுதலோ தெரியவில்லை.

வா. ஆனால் அம்மாவின் அடக்கத்தன்று செய்ததைத் திரும்பச் செய்வதாக இருந்தால் வராதே. அன்று ஊர் மன்றத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் புருஷன் லெய்வ், மேடை ஏறியே பழக்கமில்லாத மனிதர், காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பற்றிப் பேச எழுந்தார். பேச்சு நடக்கும்போது நம் ஊரில் கரண்டிச் சத்தம்கூட வராது என்பது உனக்குத் தெரியும். நீ நாற்காலியை இழுத்துவிட்டு எழுந்து போனாய். திரும்பி வரவே இல்லை. சமைத்த பெண்களிடம் "சாப்பாட்டுக்கு நன்றி" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சன்னல் வழியாக உன் கார் போவதைத்தான் பார்த்தேன். தோட்டம் அக்காவுக்குப் போனதில் தம்பிக்குக் கோபம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஊர் வாயை மூட முடியுமா. நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூரோவுக்கு அதையே சொல்லித்தான் வளர்க்கிறேன். உன் மாமா மாதிரி நடுச் சாப்பாட்டில் எழுந்து போகிற பழக்கம் நம் வீட்டில் வேண்டாம் என்று. கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைத்தான் சொல்கிறேன்.

குன்வோர்


வார்டோ
18 பிப்ரவரி 2008

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. புயலால் கப்பல் நிற்கவில்லை, ஐந்து நாள் தாமதம். இங்கே வடகோடியில் இரண்டு மாத இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சன்னலோரம் நகர்ந்து நகர்ந்து உட்காருகிறார்கள், பாடம் யார் கேட்கிறார்கள்.

மே மாதம் தேர்வு நேரம். விடுப்பு கிடைப்பது சந்தேகம். கூரோவுக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

லெய்விடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கோபத்தில் எழுந்து போகவில்லை. தோட்டம் உனக்குத்தான் வர வேண்டும், நீ மூத்தவள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏன் எழுந்தேன் என்பதை இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதிப் பார்த்தால் சின்னப் பிள்ளைச் சாக்கு மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவுதான்.

ஹோவர்த்


லோஃப்ட்ஹூஸ்
4 மார்ச் 2008

ஹோவர்த்,

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் விருந்துக்குத் தேர்வு என்கிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வர இஷ்டமில்லை என்று நேராக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நீ எங்களைவிட்டு ஓடினவன்தான். ஹர்டாங்கரில் ஆப்பிள் தோட்டத்தில் பிறந்தவன், ஒரு மரம்கூட முளைக்காத தீவில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அப்பா கடைசி வரைக்கும் சொல்லுவார், "அவனுக்கு நம்ம மரத்தக் கண்டாலே ஆகாது"ன்னு. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சிரிக்க உனக்கு ஒன்று சொல்கிறேன். கூரோவும் உன்னைப்போலவே தொடங்கினாள். போன அறுவடையில் ஆப்பிளை அப்படியே பச்சையாகக் கடித்ததும் "அம்மா, நாக்கு அரிக்குது, காதுக்குள்ள அரிக்குது" என்றாள். ஆப்பிள் வீட்டுப் பிள்ளைக்கு ஆப்பிள் ஆகாதாம். சும்மா விடுவேனா? அப்பா உனக்குச் செய்த வைத்தியத்தையே செய்தேன். நவம்பரிலிருந்து தினமும் காலையில் ஒரு கீற்று. நான் பக்கத்தில் நிற்பேன், விழுங்கினால்தான் பள்ளிக்கூடப் பேருந்து. முதல் மாதம் அழுதாள். இப்போது அரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. உனக்கும் அப்படித்தானே சரியாயிற்று? அப்பா பழக்கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது ஞாபகம் இருக்கிறதா?

என்னை வெறுத்தாலும் பரவாயில்லை. அவளுக்காக வரலாம்.

குன்வோர்


வார்டோ
11 மார்ச் 2008

அக்கா,

அந்தக் கீற்றை இன்றோடு நிறுத்து. மீதியைப் பிறகு படி.

இப்போது கிழிக்காமல் எழுதுகிறேன். அன்று மன்றத்தில் எனக்கு ஆட்டிறைச்சித் துண்டு ஒன்று நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. மூச்சு முட்டவில்லை, மூச்சு வந்தது. ஆனால் துண்டு கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் திரும்பி வந்தது. அம்மாவின் சாவுச் சாப்பாட்டில், அறுபது பேர் முன்னால், லெய்வ் பேசிக்கொண்டிருக்கும்போது, எச்சில் வழிய உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. பின்பக்கம் போய் நின்று பார்த்தேன். அப்புறம் ஒட்டா ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு, மறு கையில் ஒரு துணியைப் பிடித்து அதில் துப்பிக்கொண்டே போனேன். அங்கே தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள்.

அது முதல் தடவை இல்லை. இருபது வயதிலிருந்து நிற்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர், ஒவ்வொரு துண்டையும் குழந்தைக்கு நறுக்குவதுபோல நறுக்குவது. என்னோடு சாப்பிட்டவர்கள் எல்லோரும் எழுந்து போனபிறகும் நான் மென்றுகொண்டிருப்பேன். நீயே என்னை "மாடு அசைபோடுது" என்று கேலி செய்வாய். இங்கே வந்ததற்குக் காரணம் என்ன என்று நினைக்கிறாய்? நம் மலைச்சரிவில் மகரந்தம் தூவுகிற பிர்ச் மரம் இங்கே இல்லை. இங்கே மே மாதத்தில் கண் எரியாமல் இருக்கிறது, மீன் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அப்பா சொன்னது சரி, எனக்கு மரத்தைக் கண்டால் ஆகாது. ஆனால் அது ஆப்பிள் மரம் இல்லை.

போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் டிரோம்சோவில் ஒரு மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். உணவுக்குழாய் முழுக்க ஒவ்வாமையால் வீங்கி, வளையம் வளையமாகச் சுருங்கிக் கிடக்கிறது என்றார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பிர்ச் மகரந்தத்தில் இருக்கும் ஒரு பொருளும் வேகாத பச்சை ஆப்பிளில் இருக்கும் ஒரு பொருளும் ஏறக்குறைய ஒரே சாடை. மகரந்தத்தை எதிரியாக நினைத்த உடம்பு ஆப்பிளையும் அதுவாகவே நினைத்துச் சண்டை போடுகிறது. பலருக்கு அது வாய் அரிப்போடு முடிந்துவிடும். சிலருக்குக் கீழே குழாயிலும் இந்த வீக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் உறவு இருக்கிறது, அது எப்படி என்று இன்னும் முழுக்கத் தெரியவில்லை என்றார். அப்பாவின் கீற்றைப் பற்றிக் கேட்டேன். "அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா வாய் பழகிக்கிச்சுன்னா குழாயும் பழகிக்கிச்சுன்னு அர்த்தம் இல்ல. தினமும் குடுக்கறதுல இது கிளம்பறது உண்டு" என்றார்.

ஆகையால் கூரோவுக்கு அரிப்பு நின்றுவிட்டது என்று சந்தோஷப்படாதே. எனக்கும் நின்றது.

ஹோவர்த்


லோஃப்ட்ஹூஸ்
25 மார்ச் 2008, ஈஸ்டர் முடிந்த மறுநாள்

ஹோவர்த்,

உன் கடிதத்தை லெய்விடம் காட்டினேன். "பாவம்" என்றார். எனக்குப் பாவமாக இல்லை, எரிச்சலாக இருந்தது. ஏன் என்று கேள்.

அம்மா சுட்ட ஆப்பிள் கேக்கை நீ தட்டோடு வழித்துத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன். வேகவைத்த ஆப்பிள் கூழைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பாய். அப்பா அதைத்தான் கேட்டார், நானும் அதையே கேட்கிறேன். அதுவும் நம் தோட்டத்து ஆப்பிள்தானே? அதே மரம், அதே கிளை. கேக்கில் இருந்தால் இனிக்கும், கையில் கொடுத்தால் அரிக்குமா? அன்றைக்கு அப்பா முன்னால் தலையைக் குனிந்துகொண்டு கீற்றை விழுங்கினாய். இன்றைக்கு ஒரு மருத்துவரைப் பிடித்துவிட்டாய்.

உனக்கு இறைச்சி நின்றது உண்மையாக இருக்கலாம். அதைச் சொல்ல இரண்டு வருடமா? ஒரு போன்? "அக்கா, ஆஸ்பத்திரில இருக்கேன்" என்று ஒரு வரி? அம்மாவைப் புதைத்த நாளில் தம்பியும் போய்விட்டான் என்று நான் அழுதேன். அதற்கெல்லாம் காரணம் என் அப்பா ஊட்டிய ஆப்பிள் என்கிறாய். செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியம்.

கூரோ நன்றாக இருக்கிறாள். கீற்று மருந்து மாதிரி வேலை செய்கிறது. அவள் சாப்பாடு மெதுவாகத்தான், ஆனால் அந்த வயதில் எந்தப் பெண் வேகமாகச் சாப்பிடுகிறாள்?

விருந்துக்கு நீ வர வேண்டாம். பிள்ளையைப் பயமுறுத்திவிடுவாய்.

குன்வோர்


வார்டோ
2 ஏப்ரல் 2008

அக்கா,

வரவில்லை. ஆனால் இதற்குப் பதில் எழுது.

வேகவைத்தால் அந்தப் பொருள் சிதைந்துவிடுகிறது. கேக் என்னை ஒன்றும் செய்யாததற்கு அதுதான் காரணம். அப்பாவுக்கு இது தெரிய வழி இல்லை. யாருக்குமே அப்போது தெரியாது. அவர் என்மேல் இருந்த பாசத்தில்தான் செய்தார், நானும் அதைத்தான் நம்புகிறேன். என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே பாசமாக இருந்தார், அவ்வளவுதான் என் வருத்தம்.

என்னை நம்ப வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டில் அவளைப் பார். எத்தனை டம்ளர் தண்ணீர்? ரொட்டியின் ஓரத்தை ஒதுக்குகிறாளா? விழுங்கும்போது தோளைத் தூக்குகிறாளா? பிர்ச் பூப்பதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போ. தப்பாக இருந்தால் என்னைப் பார்த்துச் சிரி.

ஹோவர்த்


பெர்கன், மருத்துவமனை
20 மே 2008

ஹோவர்த்,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டேன். தண்ணீர் டம்ளரை எண்ணவும் இல்லை.

லெய்வ் உன்னிடம் போனில் என்ன சொன்னார் என்று தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். சொன்னால்தான் எனக்கும் கொஞ்சம் இறங்கும்.

தேவாலயத்திலிருந்து வரும்போதே தோட்டத்துக்கு மேலே மலைச்சரிவில் பிர்ச் எல்லாம் மஞ்சளாகத் தூவிக்கொண்டிருந்தது. கார் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். கூரோ திருநாள் உடுப்பான புனாட் உடுத்தியிருந்தாள், அம்மாவின் வெள்ளி ஊசி எல்லாம் குத்தி. அவளை மேசை நடுவில் உட்கார வைத்தோம். ஆட்டு வறுவல். இரண்டாவது வாயோ மூன்றாவது வாயோ, அதற்குள் லெய்வ் பேச எழுந்தார். அவருக்குப் பிறகு ஞானத்தாய், அவருக்குப் பிறகு பெரியப்பா. மொத்தம் ஐந்து பேச்சு. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் தட்டில் இறைச்சி அப்படியே இருந்தது. துணியை வாயில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். என் ஆட்டை, நான் வறுத்ததை, வந்தவர்கள் முன்னால் தொடாமல் வைத்திருக்கிறாளே என்று கண்ணாலேயே மிரட்டினேன். சாப்பிடு என்று. அவள் என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு இன்னொரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். நான் மிரட்டியதால் வைத்தாள், ஹோவர்த்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவள் நன்றி சொல்ல வேண்டிய முறை வந்தது. எழுந்தாள், பேச்சு வரவில்லை. கூச்சம் என்று எல்லோரும் கைதட்டினோம். பந்தி எழுந்த பிறகு, எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, குளியலறைக்குப் போனாள். ஓங்கரித்து ஓங்கரித்து உள்ளே உணவுக்குழாய் கிழிந்துவிட்டது. நான் கதவைத் திறந்தபோது தரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், வாயைச் சுற்றி இரத்தம். ஹெலிகாப்டர் நம் பழத்தோட்டத்திலேயே இறங்கியது.

பிழைத்துவிட்டாள். மூன்று நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள், அப்புறம் பிழைத்துவிட்டாள் என்றார்கள். மூக்கு வழியாகக் குழாய், அதில்தான் சாப்பாடு. லெய்வ் வீட்டுக்குப் போய் உன் கடிதங்களை எடுத்துவந்து மருத்துவரிடம் கொடுத்தார். அந்த அம்மா படித்துவிட்டு, "எழுதுனவரு சரியாத்தான் எழுதியிருக்காரு" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று அவளுக்குப் பேச அனுமதி கொடுத்தார்கள். "ஏண்டி கண்ணு எந்திரிக்கல? யாராவது தடுத்தாங்களா?" என்று கேட்டேன். "அப்பா பேசிட்டிருந்தாங்க. எந்திரிச்சா மாமா மாதிரி பண்ணிட்டான்னு சொல்லுவீங்கல்ல" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், குற்றம் சாட்டவே இல்லை.

இதை உன்னிடம்தான் சொல்ல முடியும் என்று எழுதுகிறேன். எனக்கு வேறு யாரும் இல்லை. நான் உன்னை நம்பவில்லை. என்னை மன்னித்துவிடு.

அக்கா


வார்டோ
1 ஜூன் 2008

அக்கா,

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம், இருந்தால் நாம் பழையபடி அக்கா தம்பியாகிவிடலாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. நீ கூரோவிடம் கேட்டால் அவள் சொல்ல மாட்டாள், நான்தான் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன்.

அம்மாவின் அடக்கத்தன்று மன்றத்தின் பின்பக்கம் நான் குழாயடியில் குனிந்து நின்றபோது அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். பன்னிரண்டு வயது, கறுப்பு உடுப்பு. "மாமா, சாப்பாடு நிக்குதா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்படித் தெரியும் என்றேன். "எனக்கும் இங்க நிக்கும், சில நேரம்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அக்கா, அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். இருபது வருடத்தில் முதல் முறையாக என்னைப்போல இன்னொருத்தி. பயப்பட வேண்டியவன் சந்தோஷப்பட்டேன். "சின்னதா நறுக்கிக்க, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடி, பழகிடும். யார்கிட்டயும் சொல்லாத, கேலி பண்ணுவாங்க. நான் சொல்லலல்ல?" என்றேன். எனக்கு அப்போது நோயின் பெயர் தெரியாது, அது உண்மை. ஆனால் அடுத்த இலையுதிர்காலத்தில் தெரிந்துவிட்டது. அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். நீ என்னைப் பற்றி ஊரில் பேசியது காதுக்கு வந்திருந்தது, அந்த வீம்பில் எழுதவில்லை. நாளை நாளை என்று ஒன்றரை வருடம்.

மார்ச்சில் எல்லாவற்றையும் எழுதினேன், இதைத் தவிர. 'கூரோவே என்னிடம் சொன்னாள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நீ நம்பியிருப்பாய். சொன்னால், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்பாயே. அதனால் மகரந்தம், மருத்துவர், சாடை என்று பக்கம் பக்கமாக எழுதினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்தேன். எழுந்து போகக் கூடாது என்று நீ சொல்லிக் கொடுத்தாய். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் இரண்டையும் கேட்டு நடந்தாள்.

நீ என்ன எழுதினாலும் சரி. எழுதாவிட்டாலும் சரி.

ஹோவர்த்


லோஃப்ட்ஹூஸ்
24 ஜூன் 2008

ஹோவர்த்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் உன் பெயரைச் சொல்லவில்லை. லெய்வ் உன்னைப் பற்றி எடுத்தபோது எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். உனக்கும் என்மேல் தீர வேண்டாம்.

கூரோ வீட்டுக்கு வந்துவிட்டாள். குழாயை எடுத்துவிட்டார்கள், விழுங்குகிற மருந்து கொடுத்திருக்கிறார்கள். கூழாகக் கரைத்த எதையும் சாப்பிடலாம் என்றார்கள். ஆனால் மேசைக்கு வர மாட்டேன் என்கிறாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பாதி அப்படியே திரும்பி வருகிறது. ஐந்து கிலோ இறங்கிவிட்டாள். "இங்கயே உக்காந்து சாப்பிடேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று நான் கெஞ்சுகிறேன், லெய்வ் கெஞ்சுகிறார். மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள். நாங்கள் சொல்வதை அவள் நம்பவில்லை. நான் சொன்னதை எல்லாம் நம்பித்தானே அன்றைக்கு உட்கார்ந்திருந்தாள்.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன், சத்தியம் வாங்கினதைக்கூட. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "மாமா வந்தா கீழ வரேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. ஒரு மணிக்குச் சாப்பாடு. லெய்வின் அண்ணன் குடும்பத்தையும் கூப்பிடுகிறேன், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும். வேண்டுமென்றேதான் கூப்பிடுகிறேன். லெய்வ் எழுந்து ஏதாவது பேசுவார். அவர் பேச்சின் நடுவில் நீ எழுந்து வெளியே போ. உனக்கு நின்றாலும் நிற்காவிட்டாலும் போ. நாற்காலியைச் சத்தமாக இழு. யாரும் உன்னைப் பார்க்க மாட்டோம், லெய்வும் பேச்சை நிறுத்த மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து நீ உள்ளே வந்து உன் இடத்தில் உட்கார், நான் உன் தட்டைச் சூடாக்கிக் கொண்டுவருகிறேன். அவள் இதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

அக்கா